சினைக் கணக்கு

மாட்டுக்கொட்டாய்ச் சுவரில்
தீவனக் கம்பெனி காலண்டர்.
ஜனவரித் தாளில் மூன்றைச் சுற்றி ஒரு வட்டம்.
சிந்துக்கு ஊசி போட்ட நாள்.
என் கையெழுத்தில், பொடியாக:
"காலை ஏழு. நல்ல பனி. முந்நூறு கொடுத்தது."

இருபத்தோராம் நாள் மறுபடி கத்துகிறாளா என்று
கட்டுத்தறியிலேயே நின்றவள் நான்.
மூன்றாம் மாதம் கைவிட்டுப் பார்க்க
பால் சொசைட்டி வாசலிலிருந்தே போன் அடித்தேன்.
கோழை கண்ணாடியாய் ஒழுகினால் பருவம்,
கலங்கி வாடை அடித்தால் உள்ளே புண்.
இதெல்லாம் எனக்குத் தெரியும்.
எனக்கே அப்படி வாடை அடித்த ஆடியில்
துணியை வெந்நீரில் அலசி
பின்கொடியில் பாவாடைக்கு அடியில் காயப்போட்டேன்.

குன்னத்தூர் ரோட்டோர சுகாதார நிலையம்.
பேனாவைத் திறந்துகொண்டு நர்சம்மா கேட்டார்:
"கடைசியாத் தலைக்கு ஊத்துன தேதி?"
மின்விசிறியைப் பார்த்தேன்.
"பொங்கலுக்கு முந்தியா, பொறவா?"
"சிந்துக்கு ஊசி போட்டதுக்கு மறுநாளுங்க."
"சிந்து யாரு?"
"மாடுங்க."
பேனா நின்றது.
சிரிப்பார் என்று நினைத்தேன்.
"அந்தத் தேதி தெரியுமா?" என்றார்.
தெரியாமலா.

விரலை மடக்கி எண்ணினார்.
"அஞ்சாம் மாசம் நடக்குது கண்ணு.
தள்ளிப்போன வாரமே வந்திருக்கோணும்."
முதலாவது தங்காமல் போனபோது சொன்னார்கள்,
மூணு மாசம் தாண்டட்டும், அதுவரைக்கும்
யாருக்கும் சொல்லாதே என்று.
அந்த 'யாருக்கும்'இல்
டாக்டரையும் சேர்த்துக்கொண்டேன்.
இதை அவரிடம் சொல்லவில்லை.
"முன்னால ஒண்ணு கலைஞ்சிருக்கா?" என்று
அவராகவே கேட்டார். தலையாட்டினேன்.
"அப்படின்னா இன்னும் முன்னாடியே" என்றார்,
திட்டாமல், எழுதிக்கொண்டே.

ரத்தம் ஒன்பதுக்குக் கீழே.
சிந்துக்கு மாதாமாதம் தாது உப்பு வாங்குகிற கை
இரும்பு மாத்திரை அட்டையை நீட்டி வாங்கியது.
பிரஷர் பார்த்தார். ஸ்கேனுக்குச் சீட்டு எழுதினார்.
"சொட்டு ரத்தம் பட்டாலும்,
தலைவலி விடாம கண்ணு மங்குனாலும்,
கால் மட்டுமில்லாம மொகமும் வீங்குனாலும்,
அசைவு வந்தப்பறம் அது கொறைஞ்சாலும்,
கறந்துட்டு வர்றேன்னு சொல்லாதே.
கறக்காம வா."

துணைக்கு வந்த சாரதாமணியக்கா
பெஞ்சில் பையை மடியில் வைத்து
அதுவரை ஒரு சொல்லும் பேசவில்லை.
நான் எழுந்த பிறகு
கதவுப் பக்கம் பார்த்தபடி சொன்னார்:
"எனக்கு நின்னு மூணு வருசமாச்சுங்க.
போன வாரம் லேசாப் பட்டுச்சு.
சூடுன்னு வெந்தயம் தின்னேன்."
நர்சம்மா மூடிய பேனாவைத் திறந்தார்.
"உக்காருங்க."
"சும்மா கேட்டேனுங்க. எனக்கொண்ணுமில்லீங்க."
"நின்னதுக்கப்பறம் ஒரு சொட்டும் படக்கூடாதுங்க்கா.
பெருசா ஒண்ணும் இல்லாமலும் இருக்கலாம்.
பாத்தாத்தான் தெரியும். உக்காருங்க."
பன்னிரண்டு பத்து டவுன்பஸ்
ஆரன் அடித்துவிட்டுப் போனது.
அக்கா பையைக் கீழே வைத்தார்.

பொழுதோட கறவை முடித்துக் காலண்டரைப் புரட்டினேன்.
அக்டோபரில் சிந்துக்கு ஏற்கனவே ஒரு வட்டம், பத்தில்.
ஒட்டினாற்போல் பதினொன்றில் இன்னொன்று போட்டேன்.
இவளுக்கு முந்துமோ எனக்கு முந்துமோ.
பிறகு இந்த மாதத் தாளுக்கே திரும்பி வந்து
வருகிற செவ்வாயைச் சுற்றினேன்:
திருப்பூர் பெரியாஸ்பத்திரி. முதல் பஸ்.

பால்கேனைக் கழுவிக்கொண்டு வந்த லோகு
எட்டிப் பார்த்தான்.
"ஏம்புள்ள, இது எந்த மாட்டுக்கு?"
பேனாவில் மை கட்டியிருந்தது.
உதறி, அழுத்தி எழுதினேன்:
சாரதாமணியக்கா.